ஒரே நம்பரில் இரண்டு வெள்ளைக் கார்கள்

லிப்ட்காரரை ஒரு இடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். போனில் பேசினால் வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசுவார். கூடத்தில் ஆரம்பித்த பேச்சு சமையலறையைச் சுற்றிக் குளியலறை வாசலில் முடியும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "உங்க கால்ல யாரு சக்கரத்தை மாட்டி விட்டா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டாள்.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். காலையில் ஒரு ஆஸ்பத்திரியின் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று ஓடுவார். மதியம் ஒரு அடுக்குமாடியில் கதவு மூடாமல் அடம் பிடிக்கிறது என்று போவார். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, அங்கிருந்து அடித்தளத்துக் குழிக்குள் இறங்கி, கம்பிவடத்தில் கிரீஸ் தடவிவிட்டு, அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவார். ஊர் முழுக்க அவரை இழுத்துக்கொண்டு அலைந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். திரும்பின பக்கமெல்லாம் கண்ணில் படுகிற ரகம். உள்ளே ஏறினால் கிரீஸ் வாடை. பின்சீட்டில் மடக்கு ஏணி, ஸ்பேனர் பை. பின்கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் எப்போதோ ஒரு அடித்தளக் கார் நிறுத்தத்தில் தூணில் இடித்து உடைந்து போனது. அதை மாற்ற அவருக்கு நேரம் வரவில்லை.

ஏணியை மடக்கி மடக்கித் திணித்து வெறுத்துப்போய், காரை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரிய வண்டியாக வாங்கலாம் என்று ஒரு நாள் முடிவு செய்தார். அங்கே வந்து சேர்ந்தான் மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது என்பது அவன் நம்பிக்கை. "நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க மாமா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் காரைக் கழுவி, தெருவில் வெயில் விழும் பக்கமாக நிறுத்தி, முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான்.

"பின்பக்கம் எடுக்கலையா?" என்றார் லிப்ட்காரர்.

"உடைஞ்ச வைப்பரைக் காட்டுனா எவன் வருவான்? நேர்ல வந்து பாத்துக்கட்டும்."

போனை வாங்கிப் பார்த்தவர் கட்டை விரலால் திரையின் ஒரு மூலையை மறைத்துக் காட்டினார். "இந்த நம்பரை மறைச்சுடலாமே மாப்ள. ஊரு பூரா பாக்கப் போவுது. என்னமோ மனசுக்கு ஒப்பல."

மச்சினன் சிரித்தான். "மாமா, இந்த நம்பரை மாட்டிக்கிட்டுத்தானே தினமும் ஊரைச் சுத்துறீங்க? ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கலையா? அதுல என்ன ரகசியம்? நம்பரை மறைச்சா, இது திருட்டு வண்டி போலிருக்குன்னு வாங்க வர்றவன் பயந்துடுவான்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சரி என்றார். போட்டோ இணையத்தில் ஏறியது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

கார் விலைபோகவில்லை. வந்து பார்த்த இரண்டொருவரும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். நாளடைவில் அவரும் அதை மறந்து, பழையபடி ஏணியைத் திணித்துக்கொண்டு அலைய ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகுதான் அபராத நோட்டீஸ்கள் வர ஆரம்பித்தன. முதலாவது, கடற்கரைச் சாலையில் வேகமாகப் போனதற்கு. அந்தப் பக்கம் அவருக்கு லிப்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஏதோ கணினிக் கோளாறு என்று மேசை இழுப்பறையில் போட்டார். அடுத்தது சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு. அதில் படமும் இருந்தது: வெள்ளைக் காரின் முன்பக்கம், அவருடைய நம்பர், முன்சீட்டில் முகம் தெரியாத இரண்டு தலைகள். ஒரு தலையில் நீளமான கூந்தல்.

மனைவி அந்தப் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சோதிப்பவள் அவள்.

"இது யாரு?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி உங்களுது. நம்பர் உங்களுது. பக்கத்துல உக்காந்திருக்கறது மட்டும் யாருன்னு தெரியாது. நல்லாருக்கு."

"ஏம்மா, அன்னிக்கு நான் ஆஸ்பத்திரி லிப்ட்டுக் குழியில கெடந்தேன். சட்டையைப் பாத்து நீதானே திட்டுன?"

"என்னிக்குத்தான் உங்க சட்டையில கிரீஸ் இல்ல?"

அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டுகளும் பாத்திரங்களும்தான் பேசிக்கொண்டன. போதாக்குறைக்கு, தெரிந்தவர் ஒருவர் வழியில் நிறுத்தி, "என்ன சார், சந்தை முக்குல கை ஆட்டுனேன், கண்டுக்காமப் போயிட்டீங்களே!" என்றார். லிப்ட்காரர் சந்தைப் பக்கம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. ஊருக்குள் இன்னொரு லிப்ட்காரர் உலாவுகிறாரோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போய், அது அங்கேயேதான் நிற்கிறதா என்று திரும்பி வந்து பார்ப்பார். முன்னெல்லாம் முழங்கால் மட்டும்தான் ஆடும்; இப்போது ஆளே ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, கீழிருந்து காவலாளி கூப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் எறங்கி வாங்க. போலீஸ் வந்திருக்காங்க."

வரவேற்புக் கூடத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் நின்றிருந்தார்கள். லிப்ட் வேலை செய்யாததால் கட்டடத்தின் பாதி ஜனம் அங்கேதான் கூடியிருந்தது. லிப்ட்காரர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

"வெள்ளைக் கார் உங்களோடதா?" என்று நம்பரைச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாம்மா."

"நேத்து விடியக்காலையில சைக்கிள்ல போன ஒருத்தரை அடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கீங்க. பேக்கரில வேலை பாக்கறவர். கால் ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு. காரையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

லிப்ட்காரருக்கு "நான் இல்லம்மா" என்று மட்டும் வந்தது. தினமும் அவரிடம் வணக்கம் சொல்கிற வரவேற்புப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனிலிருந்து மனைவிக்குத் தகவல் சொன்னார்கள். கடையிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்தாள். பின்னாலேயே மச்சினனும் வந்தான். இன்ஸ்பெக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பேக்கரிக்கு எதிரே இருந்த கடையின் கேமராப் படம். மங்கல் வெளிச்சத்தில் கார் ஓடிப்போவது பின்பக்கமாகத் தெரிந்தது. நம்பரும் தெளிவாகவே இருந்தது.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி திரைக்கு மிக அருகில் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். சட்டென்று நிமிர்ந்து, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "வைப்பர் இருக்கு!"

"என்னம்மா?"

"பின்கண்ணாடில வைப்பர் இருக்கு பாருங்க. இவரு வண்டியில அது ஒடைஞ்சு போயி எவ்வளவோ நாளாச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு என் வாய் வலிக்கச் சொல்லிட்டேன், இந்த மனுஷன் மாத்தலை. வெளியிலதான் நிக்குது, போயிப் பாருங்க!"

கான்ஸ்டபிள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வைப்பர் இருந்த இடத்தில் துருப்பிடித்த மொட்டைத் தண்டுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் லேசில் விடுகிறவர் இல்லை. லிப்ட்காரர் குடியிருந்த கட்டடத்துக் கேமராப் படத்தையும் வரவழைத்துப் பார்த்தார். அந்த விடியற்காலையில் கார் நிறுத்தின இடத்தை விட்டு அசையவே இல்லை. பிறகுதான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க வண்டி போட்டோவை எங்கயாவது போட்டீங்களா?"

லிப்ட்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்ப இது நெறைய நடக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். "அதே ரகம், அதே கலர் வண்டியாப் பாத்து, விக்கறதுக்குப் போட்ட போட்டோலேர்ந்து நம்பரை எடுத்துப் பலகை அடிச்சு மாட்டிக்கறாங்க. அவன் பண்றதெல்லாம் உங்க தலையில வந்து விடியும். வேற நம்பருக்கு எழுதிக் குடுங்க. வர்ற வரைக்கும் பொறுத்துக்கணும்."

வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுட்டேங்க" என்றாள். "அந்தக் கூந்தல்தான்…"

"விடு. உன் கண்ணு இல்லன்னா இந்நேரம் உள்ளேதான் உக்காந்திருப்பேன்" என்றார்.

பழி நீங்கியது. மனம் மட்டும் அடங்கவில்லை. மோட்டார் அறையில் நின்றாலும் குழிக்குள் நின்றாலும் அந்தப் பேக்கரிக்காரரின் கால்தான் நினைவுக்கு வந்தது. தான் ஒன்றும் செய்யவில்லை என்று தெரியும். இருந்தும் அந்த ஆள் கீழே விழுந்து கிடந்தபோது கடைசியாகக் கண்ணில் பட்டது தன்னுடைய நம்பர் என்பது அவரை விடவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரே லிப்ட் பராமரிக்கிற அதே ஆஸ்பத்திரி.

எலும்பு முறிவு வார்டில் பேக்கரிக்காரர் கட்டுப் போட்ட காலைக் கம்பியில் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். லிப்ட்காரரை விடச் சில வயது இளையவர். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?" என்றாள்.

என்ன சொல்வது என்று யோசித்து வைக்காமல் வந்துவிட்டார். "அந்த வெள்ளைக் கார் நம்பர்… அது என்னோடதுங்க" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்த வேகத்தில் ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "இங்க எதுக்கு வந்த? செத்துட்டாரா பொழச்சாரான்னு பாக்க வந்தியா? அடிச்சிட்டு நின்னு பாக்கக்கூட மனசு வரலை, இப்ப வந்து…" வார்டே திரும்பியது. நர்ஸ் ஓடி வந்தாள். நல்லவேளையாக அந்த நர்ஸுக்கு லிப்ட்காரரைத் தெரியும். அவள் அந்த அம்மாவைத் தோளில் தட்டி உட்கார வைத்த பிறகு, லிப்ட்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "மூஞ்சியை நான் பாக்கலை அண்ணே. விழுந்ததும் நம்பர்தான் தெரிஞ்சுது. மறந்துடக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப அது பொய்யின்னு சொல்றீங்க."

முதல் தடவையாக லிப்ட்காரரின் முழங்கால் ஆடாமல் நின்றது.

வீடு வந்ததும் மச்சினனைக் கூப்பிட்டார். அவன் இதற்குள் வேறு ஆளாக மாறியிருந்தான். காரின் போட்டோக்களை மட்டுமல்ல, தன் ஸ்கூட்டர், அக்காவின் சைக்கிள், எதிர்வீட்டுக்காரர் டிராக்டர் என்று சக்கரம் உள்ள எல்லாவற்றின் படத்தையும் இணையத்திலிருந்து அழித்துவிட்டிருந்தான்.

"மாப்ள, அந்த நம்பரை இணையத்துல போடணும்."

"மாமா, இப்பத்தான் எல்லாத்தையும் அழிச்சேன்! மறைக்கச் சொன்னீங்க, நான் கேக்கலை, என் தப்புதான். இப்ப நீங்களே ஊருக்கெல்லாம் காட்டணும்ங்கறீங்களே!"

"திருடன் கைக்குப் போன பின்னாடி மறைச்சு என்ன புண்ணியம்? இன்னிக்கு அதை மறைச்சா அவனுக்குத்தான் வசதி. நல்லாப் பெருசாப் போடு."

இன்ஸ்பெக்டரிடமும் கேட்டார். "போடுங்க, ஆனா நீங்களா யாரையும் தொரத்திக்கிட்டுப் போகாதீங்க" என்றார் அவர். மச்சினன் எழுதிப் போட்டான்: 'இது எங்கள் காரின் நம்பர். எங்கள் காரில் பின்கண்ணாடி வைப்பர் கிடையாது. வைப்பரோடு இதே நம்பரைப் பார்த்தால் அது திருட்டு நம்பர். போலீசுக்குச் சொல்லுங்கள்.'

அது ஊரெல்லாம் பரவியது. ஆனால் ஜனங்கள் நம்பரைப் படித்தார்களே தவிர வைப்பரைப் படிக்கவில்லை. அடுத்த நாளே சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலைத் தட்டி, "மாட்டுனியா!" என்றார். ஒரு அடுக்குமாடியில் காவலாளிகள் காரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எங்கெங்கிருந்தோ படங்கள் குவிந்தன. ஆவலோடு திறந்து பார்த்தால், எல்லாவற்றிலும் லிப்ட்காரரே ஏணியோடு இறங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவி ஒரு அட்டையில் 'உண்மையான வண்டி இதுதான்' என்று எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. திருடன் வேறு என்ன எழுதுவான் என்று சொன்னவர்களும் உண்டு.

அவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. எந்த வெள்ளைக் காரைப் பார்த்தாலும் பின்னாலேயே போனார். ஒரு மாலை, பாலத்தின் மேல் முன்னால் போன வண்டியின் நம்பர் தன்னுடையது போலவே தெரிந்தது. வைப்பரும் இருந்தது. ஹாரன் அடித்து, விளக்கைப் போட்டு அணைத்து, விரட்டிக்கொண்டே போய் ஒரு சந்தில் மடக்கினார். இறங்கி ஓடிக் கதவைத் தட்டினார். உள்ளே ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பக்கத்தில் அந்த அம்மா, "எதை வேணும்னாலும் எடுத்துக்கப்பா, ஒண்ணும் பண்ணிடாத" என்று அழுதாள். நம்பரை மறுபடி பார்த்தார். கடைசி எண் வேறு.

மன்னிப்புக் கேட்டார். அவர்களுக்குக் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கார் நடுங்கி நடுங்கிப் பின்னால் நகர்ந்து போய்விட்டது. லிப்ட்காரர் அந்தச் சந்திலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தார். அன்றோடு துரத்துவதை விட்டார். காரை வீட்டில் போட்டுவிட்டு, ஏணியைத் தோளில் சுமந்து பஸ்ஸில் போனார். பஸ் நடத்துநர்கள் அந்த ஏணியோடு பட்ட பாடு தனிக் கதை.

கண்டுபிடித்தது ஒரு தண்ணீர் லாரி டிரைவர். ஊருக்கு வெளியே ஒரு பெயிண்ட் பட்டறையின் பின்புறம், பாதி மூடிய தார்ப்பாய்க்கடியில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கத்தை அவர் பார்த்திருக்கிறார். நம்பரும் இருந்தது, வைப்பரும் இருந்தது. எழுதினதை முழுசாகப் படித்த மனிதர். படம் எடுத்து நேராகப் போலீசுக்கு அனுப்பிவிட்டார். பட்டறைக்காரனைக் கையோடு பிடித்தார்கள். திருட்டுக் கார்களை நம்பர் மாற்றி வாடகைக்கு விடுவது அவன் தொழில். உள்ளே வேறு பலருடைய நம்பர்களும் பலகை பலகையாக அடுக்கியிருந்தன. பேக்கரிக்காரரை அடித்துவிட்டு ஓடியவனையும், சிவப்பு விளக்குப் படத்தில் இருந்த நீளக் கூந்தல்காரனையும் பிறகு பிடித்தார்கள். ஆம், அது ஒரு ஆண்பிள்ளை. மனைவி அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

லிப்ட்காரருக்குப் புது நம்பர் வந்தது. விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் புது வண்டி வாங்கி, மாலை போட்டது போல் ரிப்பன் கட்டிப் போட்டோ போட்டபோது, "நம்பரை மறைச்சுடுங்க" என்றார் லிப்ட்காரர். அவரும் மச்சினன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: ரோட்டில் எல்லாரும் பார்ப்பதுதானே?

"ரோட்டுல பாக்கறவன் பாத்த நிமிஷமே மறந்துடுவான். போட்டோவுல அது அங்கயே நிக்குது. நமக்கு வேண்டாதவன் எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம்" என்றார் லிப்ட்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காட்ட வேண்டிய நேரமும் வரும். அதை நாமதான் முடிவு பண்ணணும், அவன் இல்ல" என்றும் சொன்னார். நண்பர் மறைத்தாரா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை.

பேக்கரிக்காரர் வீடு திரும்பினார். வாரம் ஒருமுறை காலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். நானே கூட்டிப் போகிறேன் என்று லிப்ட்காரர் முதல் வாரம் காரோடு போய் வாசலில் நின்றார். பேக்கரிக்காரர் ஊன்றுகோலை ஊன்றிப் படி இறங்கி வந்தார். காரின் முன்பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்பர் வேறதான், தெரியுது. வண்டியைப் பாத்தா கால் நகர மாட்டேங்குது. என்னால இதுல ஏற முடியாது."

"அப்ப பஸ்ல போவோம்" என்றார் லிப்ட்காரர்.

காரை அங்கேயே பூட்டிவிட்டு அவர் கையைத் தாங்கிக்கொண்டார். நிறுத்தம் வரைக்கும் அந்த மனிதரின் நடைக்கு ஏற்ப மெல்ல மெல்ல நடக்க வேண்டியிருந்தது. ஆயுளில் அவ்வளவு மெதுவாக அவர் நடந்ததே இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் லிப்ட்காரரின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார் போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"போதும் அண்ணே, உங்க ஆட்டத்துல என் ஒடைஞ்ச காலும் சேர்ந்து ஆடுது" என்றார் பேக்கரிக்காரர். "வீட்ல சுட்டது" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். லிப்ட்காரர் ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். இன்னும் சூடு ஆறவில்லை.